தெருக்கோடிப் பூங்காவும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களும்

மாலை ஐந்தரை மணிக்குத் தமிழ்நாட்டின் எந்த நகராட்சிப் பூங்காவுக்குள் நுழைந்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். சுற்றுப்பாதையில் நடைப்பயிற்சிக்காரர்கள். சிமெண்டு பெஞ்சுகளில் ஓய்வுபெற்றவர்கள். ஒரு மூலையில் இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், ஒரு சீசா. அவற்றில் ஒன்று உடைந்துபோய்க் கயிறு கட்டிக் கிடக்கும். ஊஞ்சலுக்கு எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசைக்கு வெளியே பாட்டியின் விரலைப் பிடித்தபடி இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும். எங்கள் பகுதிக்குப் பூங்கா வேண்டும் என்று எழுதப்படும் மனுக்களில் முதலில் வருவது குழந்தைகளின் பெயர். கட்டி முடித்தபின் மிகக் குறைவாக இடம் கிடைப்பதும் அவர்களுக்கே, அதிலும் ஐந்து வயதைத் தாண்டாதவர்களுக்கே.

அந்த வயதினருக்கு அக்கம்பக்கத்து விளையாட்டிடம் எதைத் தருகிறது, அது எப்படி அமைய வேண்டும், கூடப்போகும் பெரியவர் என்ன செய்யலாம், சட்டமும் அரசும் எங்கே நிற்கின்றன என்பவை ஒன்றோடொன்று பின்னிய கேள்விகள். மருத்துவர்கள், உளவியலாளர்கள், கட்டடக் கலைஞர்கள், நீதிமன்றங்கள் எனப் பல திசைகளிலிருந்தும் விடைகள் வந்திருக்கின்றன. அவற்றைச் சேர்த்துவைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரியும் வரிசை இது: முதலில் தூரம், அடுத்துத் தரை, பிறகு கூடவரும் பெரியவரின் வசதி, கடைசியில்தான் விளையாட்டுக் கருவி. நம் உள்ளாட்சிகள் யோசிக்கும் வரிசை இதற்கு நேர்த் தலைகீழாக இருக்கிறது.

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஆண்பாலுக்குரிய கடைசி மூன்றில் ஒன்று சிற்றில். பெண்பாலுக்குரிய கடைசி மூன்றில் ஒன்று ஊசல். மணலும் ஊஞ்சலும். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் திருமொழி முழுக்கவே, தாங்கள் கட்டிய மணல்வீட்டைக் கலைக்க வேண்டாம் என்று சிறுமியர் கண்ணனிடம் மன்றாடுவதுதான். ஒரு குழந்தை மணலில் வீடு கட்டும், இன்னொன்று வந்து கலைக்கும், அழுகை எழும் என்பது நம் இலக்கியத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியும். அதற்கெனத் தனி இடம் ஒதுக்கும் தேவை அப்போது எழவில்லை. வாசலும் தெருவும் களத்துமேடும் ஆற்றங்கரையும் கோயில் பிராகாரமும் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தன. ஆனாலும் அதைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். எந்தத் தெருவில் எந்தக் குழந்தை கால்வைக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. பிராகாரத்து மணல் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை. யார் வீட்டுக் குழந்தையும் நுழையலாம் என்ற பொது விளையாட்டிடம், நகராட்சி யுகம் நமக்குத் தந்த நல்ல கொடைகளில் ஒன்று. அதைக் காக்க வேண்டும் என்று இவ்வளவு அக்கறையோடு பேசுவதற்கு இதுவே முதல் காரணம்.

அந்தப் பொது இடம் மேல்நாடுகளில் தொடங்கியதும் மணலில்தான். பெர்லின் நகரப் பூங்காக்களில் குழந்தைகளுக்காக மணற்குவியல்கள் வைத்திருப்பதை 1885-இல் அங்கே போயிருந்த மருத்துவர் மேரி சக்செவ்ஸ்கா பார்த்து, பாஸ்டன் நண்பர்களுக்கு எழுதினார். அங்கே குடியேறிய ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் ஒரு வண்டி மணலைக் கொட்டினார்கள். அமெரிக்க விளையாட்டிட இயக்கத்தின் தொடக்கம் அதுதான். இரும்புக் கருவிகள் பிறகு வந்தவை. இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் பொறியாளர் சார்லஸ் விக்ஸ்டீட் தாம் அமைத்த பூங்காவுக்காக 1920-களில் ஊஞ்சலும் சறுக்குமரமும் செய்து, பிறகு அவற்றை ஊர் ஊராக விற்றார். ஏறி விளையாடும் கம்பிக் கூண்டுக்குச் சிகாகோ வழக்கறிஞர் செபாஸ்டியன் ஹின்டன் 1920-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அவருடைய தந்தை கணிதவியலாளர். பிள்ளைகளுக்கு வெளியின் பரிமாணங்களைக் கற்பிக்க ஜப்பானில் மூங்கிலால் ஒரு கூண்டு கட்டியிருந்தார். அந்த நினைவிலிருந்து பிறந்தது இந்தக் கம்பிக் கூண்டு. ஊஞ்சல், சறுக்கு, சீசா, சுழல் ராட்டினம் என்ற நால்வகைத் தொகுப்பு அங்கிருந்து உலகமெங்கும் பரவி, நம் வார்டுப் பூங்காக்களுக்கும் வந்து சேர்ந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளின் கைகால் நீளத்துக்கும் பலத்துக்கும் பொருந்துபவை இவை. தொடக்கத்து மணல் வழியிலேயே தொலைந்துவிட்டது.

இதற்கு மாற்று தேடியவர்கள் உண்டு. கட்டுமான இடங்களிலும் பழைய சாமான் கிடங்குகளிலும் குழந்தைகள் எவ்வளவு ஈடுபாட்டோடு விளையாடுகிறார்கள் என்பதைக் கவனித்த டென்மார்க்கின் நிலக்கலைஞர் கார்ல் தியோடர் சோரன்சன், ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில், 1943-இல், கோபன்ஹேகனின் எம்ட்ரூப் பகுதியில் பலகையும் செங்கல்லும் கயிறுமாக ஒரு விளையாட்டிடம் உருவாகக் காரணமாக இருந்தார். 1946-இல் அதைக் கண்ட ஆலன் சீமாட்டி, குண்டு விழுந்து பாழான லண்டன் மனைகளில் அந்த எண்ணத்தைப் பரப்பினார். பெரிய பிள்ளைகளுக்கு அது அற்புதமான ஏற்பாடு. தவழ்ந்து முடித்து நடக்கத் தொடங்கிய குழந்தைக்குப் பொருந்தும் பதில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தது என்பதே என் எண்ணம். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

போர் முடிந்தபோது ஆம்ஸ்டர்டாமில் குழந்தைகளுக்கு இடமே இல்லை. நகரத் திட்டமிடல் துறையில் இருந்த யாகோபா முல்டர், ஒவ்வொரு அக்கம்பக்கத்துக்கும் ஒரு சிறு விளையாட்டிடம் வேண்டும் என்று முனைந்தார். துறையில் புதிதாகச் சேர்ந்த இளம் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் கையில் வேலை ஒப்படைக்கப்பட்டது. முதல் இடம் 1947-இல் பெர்டல்மான்பிளைன் சதுக்கத்தில் அமைந்தது. 1978 வரை அவர் 700-க்கும் மேற்பட்ட இடங்களை வடிவமைத்தார். இரண்டு வீடுகளுக்கு நடுவே இடிந்த மனை, சாலைத் திருப்பத்தில் மிஞ்சிய முக்கோணம், அகலமான நடைபாதையின் ஓரம் என்று யாரும் சீண்டாத துண்டுகள் எல்லாம் விளையாட்டிடம் ஆயின. ஒரு தெருவில் அமைந்ததைப் பார்த்து அடுத்த தெருக்காரர்கள் தங்களுக்கும் வேண்டுமென்று மாநகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். பட்டியல் அப்படித்தான் நீண்டது.

அந்த இடங்களில் என்ன இருந்தது? அகலமான, தாழ்ந்த சிமெண்டு விளிம்புள்ள ஒரு மணல்குழி. தாவிச் செல்ல வட்டக் கற்கள். தலைகீழாகத் தொங்கக் குட்டையான கம்பிகள். ஏறுவதற்கு ஒரு வளைவு. ஓரிரு மரங்கள், உட்கார பெஞ்சு. யானை வடிவச் சறுக்கோ ராக்கெட் வடிவக் கூண்டோ கிடையாது. எதை எதுவாக நினைத்துக்கொள்வது என்பதைக் குழந்தையிடமே விட வேண்டும் என்பது வான் ஐக்கின் உறுதியான கொள்கை. மணல்குழியின் விளிம்பு அவருடைய மிகச் சிறந்த கண்டுபிடிப்பு. அதன்மேல் இரண்டு வயதுக் குழந்தை மணல் இட்லி அடுக்கும், நான்கு வயதுக் குழந்தை விளிம்பின்மேல் நடக்கும், தாய் அதிலேயே உட்காருவார். சுற்றிலும் வேலி பெரும்பாலும் இல்லை. தெருவின் தொடர்ச்சியாகவே இடம் இருந்தது. சென்னையிலோ மதுரையிலோ வேலியில்லாமல் விட முடியாது என்பது உண்மைதான், இங்கே வண்டிகள் ஓடும் விதம் வேறு. ஆனால் துண்டு நிலம், மணல், தாழ்ந்த விளிம்பு, நிழல் என்ற நான்கும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக உள்ள சிங்கப்பூரிலும் இதே கதையின் இன்னொரு வடிவத்தைக் காணலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வடிவமைப்பாளர் கோர் இயன் கீ 1979-இல் தோ பாயோவில் மணல் நடுவே அமைத்த கடல்நாக விளையாட்டிடத்தில் அங்குள்ள ஒரு தலைமுறையே வளர்ந்தது. பின்னாளில் பெரும்பாலான அடுக்குமாடிப் பேட்டைகளில் மணல் போய், ரப்பர் தரையும் இறக்குமதிப் பிளாஸ்டிக் தொகுப்புகளும் வந்தன. தோ பாயோ நாகம் இன்றும் மணலோடு நிற்கிறது.

இனி தூரம். பெர்னார்ட் வான் லீர் அறக்கட்டளையின் 'அர்பன்95' திட்டத்தின் பெயரில் உள்ள எண், நல்ல ஆரோக்கியமுள்ள மூன்று வயதுக் குழந்தையின் சராசரி உயரம்: 95 செண்டிமீட்டர். அந்த உயரத்திலிருந்து நகரத்தைப் பாருங்கள் என்று திட்டமிடுவோரிடம் கேட்கிறது அத்திட்டம். நம் நாட்டிலும் சீர்மிகு நகரங்கள் திட்டத்தின் கீழ் இதையொட்டிய போட்டி ஒன்று 2020-இல் தொடங்கப்பட்டது. 95 செண்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டரின் கைப்பிடி தலைக்கு நேராக வருகிறது. நடைபாதை விளிம்பு முழங்காலைத் தொடுகிறது. எதிரே வரும் ஆட்டோ தெரிவதில்லை. பெரியவர் பத்து நிமிடத்தில் கடக்கும் வழியில் அந்தக் குழந்தை எறும்பைப் பார்க்கும், ஆட்டுக்குட்டியைத் தொடும், சாக்கடை மூடியின் துளையில் கல் போடும், அரைமணி ஆகிவிடும். வீட்டுக்குக் கூப்பிடுதூரத்தில் இல்லாத பூங்கா, வேலைக்குப் போகும் தாய்க்கும் முழங்கால் வலியுள்ள பாட்டிக்கும் இல்லாத பூங்காதான். கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் வண்டலூருக்கும் வருடத்தில் ஒருநாள் போய்வருவது மகிழ்ச்சி. அது வேறு கணக்கு. இந்த வயதுக்கு வேண்டியது அன்றாடம்: நேற்று ஏற முடியாத படியில் இன்று ஏறுவது, நேற்றுப் பார்த்த அதே பையனை இன்றும் பார்ப்பது.

சென்னை மாநகராட்சியின் பொறுப்பில் 700-க்கும் அதிகமான பூங்காக்கள் இருக்கின்றன. எண்ணிக்கை குறைவென்று சொல்ல முடியாது, பரவல்தான் சீரில்லை. மனைப்பிரிவாகத் திட்டமிட்டு எழுந்த அண்ணா நகர் போன்ற பகுதிகளில் தெருவுக்குத் தெரு பசுமை தெரிகிறது. வடசென்னையின் நெரிசலான பழைய குடியிருப்புகளில், குழந்தைகள் அதிகமாக இருக்கும் இடங்களிலேயே, இடம் மிகக் குறைவு. புதிய பகுதிகளுக்கு நம்மிடம் ஒரு விதி இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மேம்படுத்துவோர், சாலை நீங்கலாக 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித்தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலமாகத் தராமல் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். 3,000-க்குள் இருந்தால் ஒன்றும் தர வேண்டியதில்லை. சின்னச் சின்ன மனைப்பிரிவுகளாகவே வளரும் புறநகரில் இதன் விளைவு எளிதில் புரியும்: வீடுகள் வரும், குழந்தைகள் வருவார்கள், திடல் வராது. பணத்தைக் கட்டிவிட்டால் அந்தக் காசால் அதே தெருவில் ஒரு திடல் முளைத்துவிடாது. ஒதுக்கப்பட்ட நிலமும் மனைப்பிரிவின் கோடியில், பள்ளமான மூலையாகவோ மின்மாற்றிக்கு அருகிலோ தள்ளிவிடப்பட்டு, குப்பை கொட்டும் இடமாக முடிவது நாம் அறிந்ததே.

பூங்கா நிலத்தைக் காப்பதில் உச்சநீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை 1991-இல் வழங்கியது. பெங்களூரில் பொதுப் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனை கட்ட ஓர் அறக்கட்டளைக்குத் தந்ததை எதிர்த்து அப்பகுதி மக்கள் வழக்காடினார்கள். பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்ற அந்த வழக்கில், ஒதுக்கீடு செல்லாது என்ற உயர்நீதிமன்ற முடிவு உறுதிசெய்யப்பட்டது. பூங்காவைக் காக்கக் குடியிருப்போருக்கு வழக்குத் தொடரும் தகுதி உண்டு என்பதும் நிலைபெற்றது. மருத்துவமனையும் பொதுநன்மைதானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. சமுதாயக் கூடம், நீர்த்தேக்கத் தொட்டி, வாகன நிறுத்தம் என்று ஒவ்வொரு நல்ல காரணத்துக்காகவும் விளையாட்டிடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தித் தின்னும் ஊர்களில் இந்தத் தீர்ப்பை எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்.

உடல்நலம் பற்றிய சான்றுகளில் பெரிய சர்ச்சை இல்லை. ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலசைவோடு இருக்க வேண்டும், மூன்று நான்கு வயதில் அதில் 60 நிமிடமாவது மூச்சிரைக்கும் ஓட்டமாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டல். இரண்டு வயதுக்குமேல் திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு வயதில் திரையே கூடாது என்றும் அது சொல்கிறது. இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டுக்குள் 180 நிமிட அசைவு எங்கிருந்து வரும்? கண்ணுக்கும் வெளிச்சம் தேவை. சீனாவின் குவாங்சோ நகரில் ஆறேழு வயதுப் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளியானது. மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தக் குழுவில் 30.4 விழுக்காடு, வழக்கம்போல் இருந்த குழுவில் 39.5 விழுக்காடு. கண்ணாடி போட்ட ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நம்மூரிலும் பெருகிவரும்போது இந்த வேறுபாட்டை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

தரை பற்றி நம்மூரில் யாருமே பேசுவதில்லை என்பது எனக்கு ஆற்றாமை தரும் விஷயம். விளையாட்டிடக் காயங்களில் மிகப் பெரும்பங்கு கீழே விழுவதால் வருவது. எதிலிருந்து விழுகிறது என்பதைப் போலவே எதன்மேல் விழுகிறது என்பதும் காயத்தின் ஆழத்தைத் தீர்மானிக்கும். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, கான்கிரீட்டும் தார்த்தரையும் கூடவே கூடாது என்கிறது. புல்லையும் இறுகிய மண்ணையும்கூட அது பாதுகாப்பான பரப்பாகக் கணக்கில் கொள்வதில்லை. நான்கடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்க ஒன்பது அங்குல ஆழத்துக்குத் தளர்ந்த மணல் வேண்டும். நம் பூங்காக்களில் சறுக்குமரத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். வண்ண வண்ணமான பேவர் பிளாக் கற்கள். அழகுக்காகவும் சேறு ஆகாதிருக்கவும் போடப்பட்டவை. புதிய சறுக்குமரம் வாங்க நிதி ஒதுக்கும் முன்பு அந்தக் கற்களைப் பெயர்த்தெடுப்பது முக்கியம்.

மணலுக்கும் நிபந்தனைகள் உண்டு. ஆற்று மணல் இன்று விலையுயர்ந்த பொருள். எடுத்தெடுத்து ஆறுகளும் கெட்டுவிட்டன. அதற்குப் பதிலாகக் கட்டடத்துக்குப் பயன்படும் எம்-சாண்டைக் கொட்டிவிடலாம் என்று ஒப்பந்ததாரர் சொல்லக்கூடும். அது பாறையை உடைத்துச் செய்தது, துகள்கள் கூர்முனையோடும் தூளோடும் இருக்கும்; பிஞ்சுக் கைக்கும் மூச்சுக்கும் ஏற்றதில்லை. உருண்டு மழுங்கிய, கழுவிய மணலே வேண்டும். அதைச் சிறிய அளவில் போட்டு நன்றாகப் பராமரித்தால் போதும். தெருநாயும் பூனையும் கழிவிடாமல் இரவில் வலையோ தார்ப்பாயோ போட்டு மூட வேண்டும், காலையில் வாரியால் கிளறிவிட வேண்டும், ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். பக்கத்தில் ஒரு குழாய், கைகழுவ. காவலருக்கு அரைமணி வேலை. ரப்பர் தரை போட்டால் இந்த வேலையெல்லாம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் மே மாத வெயிலில் நிழலில்லாத ரப்பர் தரையும் தகரச் சறுக்கும் பிஞ்சுத் தோலைச் சுட்டுவிடும். பிளாஸ்டிக்கும் அதற்கு விலக்கில்லை. குழந்தையை உட்காரவைக்கும் முன் பெரியவர் புறங்கையை வைத்துப் பார்க்கும் பழக்கம் நல்லது.

ஆகவே நிழலைத் தரையின் பகுதியாகவே எண்ண வேண்டும். புங்கனும் வேம்பும் பூவரசும் பத்தாண்டில் ஒரு விளையாட்டு மூலையை முழுக்க மூடிவிடும். தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு மேயாது என்பதற்காகப் பூங்கா ஓரங்களில் வரிசையாக அரளி நடுகிறார்கள். இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதினர் வரும் இடத்தில் செவ்வரளியும் மஞ்சள் அரளியும் நிற்பதைக் கண்டும் காணாமல் இருப்பது சரியில்லை. தோட்டப் பிரிவுக்கு ஒரு வரி உத்தரவு போட்டால் தீர்ந்துவிடும் காரியம் இது.

பூங்காவில் குழந்தை மற்றவரோடு எப்படிப் பழகுகிறது என்பதில் பெற்றோர் வீணாக மனம் வருந்துவதுண்டு. "போ, அந்த அண்ணாவோட விளையாடு" என்று தள்ளிவிடுவார்கள். குழந்தை திரும்பி ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வுசெய்த மில்ட்ரட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு விளக்கம் தருகிறது. சும்மா இருத்தல், தனியாக விளையாடுதல், வேடிக்கை பார்த்தல், பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியே விளையாடுதல், கலந்து பழகுதல், கூடிச் செய்தல் என அவர் வகைப்படுத்தினார். இரண்டு, இரண்டரை வயதில் இரண்டு குழந்தைகள் ஒரே மணலில் முதுகைக் காட்டிக்கொண்டு தனித்தனியே தோண்டுவது இயல்பு. அவர்கள் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஊஞ்சல் வரிசைக்கு வெளியே நின்று பார்க்கும் குழந்தையும் ஒன்றும் செய்யாமல் இல்லை. வேடிக்கை பார்ப்பதும் அந்த வயதின் விளையாட்டே. "கொடுத்து விளையாடு" என்று வாளியைப் பிடுங்கி அடுத்த குழந்தையிடம் தருவதால் இரண்டும் அழும். இரண்டு வாளி எடுத்துப்போவது எளிய வழி.

ஆபத்து பற்றிய விவாதம் கடந்த இருபது ஆண்டுகளில் திசைமாறியிருக்கிறது. நார்வேயைச் சேர்ந்த எல்லன் சாண்ட்செட்டர், குழந்தைகள் தாமாகத் தேடிப்போகும் துணிச்சல் விளையாட்டை 2007-இல் ஆறாக வகுத்தார்: உயரம், வேகம், கூரிய கருவிகள், நீர் நெருப்பு போன்றவற்றின் அருகாமை, கட்டிப்புரளும் சண்டை, கண்ணுக்கெட்டாமல் ஓடிப்போதல். இவற்றைச் சிறுகச் சிறுக அனுபவிக்கும் குழந்தை பயத்தைக் கையாளக் கற்கிறது என்று 2011-இல் லெய்ஃப் கென்னேரோடு சேர்ந்து அவர் வாதிட்டார். நம்மூரில் "பாத்து! விழுந்துடுவே! இறங்கு!" என்ற குரல் ஓயாமல் கேட்கிறது. அக்குரலுக்குப் பின்னால் உள்ள அன்பை நான் மதிக்கிறேன். அந்தக் கவனம் தேவையான இடங்கள் வேறு இருக்கின்றன என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

உதாரணமாக, பாசத்தால் செய்யப்படும் ஒரு காரியம் எலும்பை முறிக்கிறது. சிறு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர் சறுக்குமரத்தில் இறங்கும்போது, குழந்தையின் செருப்பின் ரப்பர் அடி பக்கவாட்டில் பட்டு நின்றுவிடும். பெரியவரின் எடை மொத்தமாகக் கீழே இழுக்க, கால் முறுக்கி முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு உடைகிறது. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கே இது அதிகம் நேர்கிறது என்பதைக் குழந்தை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். தனியாகச் சறுக்க முடியாத குழந்தையைச் சறுக்கவைக்கத் தேவையில்லை. தானாக ஏற முடியாத உயரத்தில் தூக்கி வைக்கவும் வேண்டாம். தானே ஏறிய குழந்தைக்கு இறங்கும் வழியும் பெரும்பாலும் தெரியும். கழுத்தில் கட்டிய தாயத்துக் கயிறு, குட்டித் துப்பட்டா, சட்டைத் தொப்பியின் நாடா ஆகியவை கம்பியில் மாட்டினால் கழுத்தை நெரித்துவிடும், பூங்காவுக்குள் நுழையும்போதே கழற்றிவிட வேண்டும். கைப்பிடிக் கம்பிகளுக்கிடையே 9 முதல் 23 செண்டிமீட்டர் வரை இடைவெளி இருந்தால் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். அருகிலேயே வைத்திருக்கும் பெரியவர்களுக்கான உடற்பயிற்சிக் கருவிகளின் அசையும் மூட்டுகளில் விரல் நசுங்கும். எச்சரிக்கைக் குரலை இவற்றுக்குச் செலவிடலாம்.

பெரியவர் எங்கே உட்காருகிறார் என்பது குழந்தை எவ்வளவு நேரம் விளையாடும் என்பதை முடிவுசெய்கிறது. நிழலான பெஞ்சு மணலிலிருந்து பத்தடிக்குள் இருந்தால் பாட்டி ஒரு மணி நேரம் இருப்பார்; வெயிலில் நிற்கவேண்டியிருந்தால் பத்து நிமிடத்தில் "வா கண்ணு, போலாம்" என்பார். கழிப்பறை பூட்டிக் கிடந்தால், கைக்குழந்தையோடு வரும் தாய் பாதியிலேயே கிளம்ப வேண்டும். ஆறரை மணிக்கு விளக்கு எரியாவிட்டால், கொசு மொய்த்தால், அதோடு சரி. பல ஊர்களில் பூங்காவைக் காலையும் மாலையும் நடைப்பயிற்சிக்காகத் திறந்து நடுவில் பூட்டிவிடுகிறார்கள். பள்ளிக்குப் போகாத குழந்தைகள் வீட்டில் விழித்திருக்கும் முற்பகல் முழுவதும் கதவில் பூட்டு. கூடவருபவர் எப்போதும் பெற்றோராகவும் இருப்பதில்லை. வசதியான வீட்டுக் குழந்தையைக் கூட்டிவரும் பணிப்பெண்ணின் சொந்தக் குழந்தையை அந்நேரம் யார் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்ற கேள்வியும் இந்த விவாதத்துக்குள் அடங்க வேண்டியதே.

அடுக்குமாடி வளாகங்கள் தங்களுக்கென்று உள்ளேயே விளையாட்டிடம் அமைத்துக்கொள்கின்றன. தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அதனால் பொதுப் பூங்காவைக் கேட்கும் குரல்களில் வலுவானவை குறைந்துபோகின்றன. பொதுப் பூங்காவுக்குள்ளும் எல்லாருக்கும் இடம் கிடைத்துவிடுவதில்லை. சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்கு மணல் உதவாது. கெட்டியான பாதை, மேசை உயரத்தில் ஒரு மணல்தொட்டி, முதுகு தாங்கும் ஊஞ்சல் வேண்டும். வியன்னாவில் 1990-களின் இடையில் நடந்த ஆய்வு, ஒன்பது பத்து வயதுக்குமேல் சிறுமிகள் பூங்காவைவிட்டு மறைந்துபோவதைக் காட்ட, அந்நகரம் சில பூங்காக்களைத் திருத்தி அமைத்தது. நம் பூங்காக்களிலும் அதே மறைவு கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று வயதில் கம்பியில் தலைகீழாகத் தொங்கிய சிறுமியிடம் "பொம்பளப் புள்ள" என்று சொல்லி இறக்கும் இடத்தில் அது தொடங்குகிறது.

சட்டப் புத்தகத்தில் விளையாட்டு உரிமை இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக்கு விளையாட்டுத் திடலைக் கட்டாயமாக்குகிறது, ஆனால் அந்தச் சட்டம் தொடங்குவதே ஆறு வயதில். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு இருப்பது அங்கன்வாடி. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. நகரங்களில் உள்ள மையங்களில் பல ஓர் அறையும் ஒரு திண்ணையுமாக இருக்கின்றன. அருகிலுள்ள பூங்காவின் கதவு முற்பகலில் திறந்திருந்தால், ஆசிரியையும் உதவியாளரும் பிள்ளைகளைக் கைகோத்து அழைத்துப்போய் ஒரு மணி நேரம் மணலில் விடலாம். இரண்டு துறைகளுக்கிடையே ஓர் ஒப்புதல் கடிதம் போதும்.

கேட்பதற்கான இடமும் உண்டாகியிருக்கிறது. 2022-இல் விதிகள் வகுக்கப்பட்டபின் தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைந்தன. சாலை, குடிநீர், தெருவிளக்கு என்று அங்கே கோரிக்கைகள் வருகின்றன. பேவர் கல்லை எடுத்துவிட்டு மணல் போடுவது, அதை மூட ஒரு வலை, சின்னக் குழந்தை சரிந்துவிடாத வாளி இருக்கை ஊஞ்சல் இரண்டு, அரளிக்குப் பதில் புங்கங்கன்று, முற்பகலில் திறந்த கதவு ஆகியவற்றையும் அதே தாளில் எழுதித் தரலாம். எழுத வேண்டியவர்கள் பெரும்பாலும் சபை கூடும் நேரத்தில் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குழந்தையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருவதை எந்த விதியும் தடுக்கவில்லை.